மேஸ்திரி வீட்டு ஆயிரத்து எண்பது

டிவியில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுகொண்டு, "ஏம்மா வினோதினி, இன்னா போட்டிருக்குது, படி" என்கிறார் பலராமன். மகள் பாயில் படுத்தபடி, திரைப் பக்கம் திரும்பாமலே ஒப்பிக்கிறாள்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து எண்பது." தினமும் அதேதான். திரையின் இந்த அளவைக் காதால் கேட்காமல் அந்த வீட்டில் எந்தப் படமும் ஓடாது.

பலராமன் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. எந்தப் பாத்தி விளைந்தது, எது வெள்ளை, எது மண் கலந்தது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. இருபத்தாறு வருடமாக உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்துச் சுருங்கிப்போன கண். ஆரோவில்லில் வேலை பார்க்கும் மச்சான், ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து டிவியோடு மாட்டிவிட்டார். அன்றிலிருந்து வீடு தியேட்டர், மேஸ்திரி ஆபரேட்டர்.

படம் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் பாடம் நடக்கும். "படம்னா பாத்தி மாதிரி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு உப்புக்கல்லு. அகலத்துல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கல்லு, உயரத்துல ஆயிரத்து எண்பது கல்லு. கொறஞ்சா சரக்கு மட்டம். கம்ப்யூட்டரு எவ்ளோ அனுப்புது, டிவி எவ்ளோ வாங்குது, படத்துல எவ்ளோ இருக்குது, மூணையும் பாக்கணும்." வந்தவர்கள் கொட்டாவி விட்ட பிறகுதான் படம்.

மூன்றும் சரியாகத்தான் இருக்கிறது. மேஸ்திரிக்கு மட்டும் படம் மங்கல். வயரை மூன்று முறை மாற்றினார். பென்டிரைவைத் திட்டினார். கடைசியில் பழி கடல்காற்றின் மேல் விழுந்தது.

"வயர மாத்துனது போதும், கண்ண காட்டுய்யா" என்பாள் மனைவி அம்சவள்ளி.

"என் கண்ணுக்கு இன்னாடி கொறச்சல்? அரசப்பன் காதுல விழுந்துச்சுன்னா நாளைக்கே வேற மேஸ்திரி."

அரசப்பன் அளத்து முதலாளி. போன வாரம் மண் கலந்த உப்பை வெள்ளை அம்பாரத்தில் கொட்டச் சொன்னார் பலராமன். முதலாளி வருவதற்குள் அதே அளத்தில் கூடை சுமக்கும் அம்சவள்ளி அதைச் சத்தமில்லாமல் தள்ளிக் கொட்டினாள். வீட்டிலும் சொல்லவில்லை. அனுமந்தையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கண் முகாமுக்கு அவர் பெயரைக் கொடுத்து ஒரு சீட்டு மட்டும் வாங்கிவந்தாள். சீட்டை நாலாக மடித்து, ஆடுகிற டிவி ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வைத்துவிட்டார் மேஸ்திரி. ஸ்டாண்டு ஆட்டத்தை நிறுத்தியது.

சனிக்கிழமை மத்தியானம் வினோதினிக்குக் கை துறுதுறுத்தது. செட்டிங்ஸைத் திறந்து அளவை எண்ணூறுக்கு அறுநூறாக இறக்கினாள். ஒவ்வொரு எழுத்தும் ஊதிப்போனது. அப்பா வந்து குதிக்கப்போகிறார் என்று தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

மேஸ்திரி வந்தார், பார்த்தார், முகம் மலர்ந்தது. "பாத்தியா? இன்னிக்குத்தான் ஒழுங்கா வேல செய்யுது! இன்னா கிளியரு!"

வழக்கம்போல அளவு பார்க்கும் பக்கத்துக்குப் போனார். "நீ படிக்காத, எனக்கே தெரியுது" என்று இரண்டடி பின்னால் நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உரக்கப் படித்தார். "எண்ணூறு..."

நின்றார்.

"...அறுநூறு."

கல் குறைந்தால் எழுத்து பெரிதாகும். அதை அந்த வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வினோதினிக்குச் சிரிப்பு வரவில்லை. "சும்மா வெளாட்டுக்குப்பா. மாத்திடறேன்" என்று எழுந்தாள்.

"இருக்கட்டும்."

குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டாண்டைத் தூக்கிச் சீட்டை உருவினார். டிவி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நாலு மடிப்பையும் பிரித்து மகளிடம் நீட்டினார்.

"எத்தினி மணிக்குன்னு போட்டிருக்குது, படி."