ஐந்து மாதம் போகாத வரைபடங்கள்

எனக்கு வாய் ஜாஸ்தி. இரண்டாயிரங்களின் ஆரம்ப வருஷங்களில் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு வேறு.

வரைபடப் பிரிவில் ஒரு அக்கா. காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அந்த வருஷம் பிரிவே அவர் பொறுப்புக்கு வருவதாக இருந்தது. நேராக சர்வரில்தான் வரைவார். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் சிடியில் எழுதி மேஜையில் பூட்டி வைப்பார்.

“என்னக்கா, ஊறுகாய் போடற மாதிரி சிடி போட்டுக்கிட்டு! எல்லாம் தானாவே நம்ம எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸுக்குப் போகுது. நான் இருக்கேன்ல?” என்றேன். சிரித்தார். நிறுத்தியும் விட்டார்.

தானாகப் போவது ஆர்சிங்க் என்ற புரோகிராமின் உபயம். கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை. மாறிய ஃபைல்களை மட்டும் ராத்திரிதோறும் அந்த ஆபீஸ் மெஷினுக்கு அனுப்பும். இங்கே அழித்ததை அங்கேயும் அழிக்கும்படி ஒருநாள் அந்த வரியை மாற்றினேன். ஏடாகூடமாக எதையாவது அழித்துத் தொலைத்தால்? பயந்து, ‘-n’ சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். அது இருந்தால் ஒன்றையும் அனுப்பாது, எதையெல்லாம் அனுப்பும் என்று பட்டியல் மட்டும் போடும். பட்டியல் சரியாக இருந்தது. அப்படியே சேமித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அப்புறம் தினமும் காலையில் பட்டியலை மட்டும் பார்ப்பேன். நாளுக்கு நாள் அது நீண்டுகொண்டே போனது. அக்கா நன்றாக உழைக்கிறார் என்று நினைத்தேன். மடையன்! போய்ச் சேராததெல்லாம் சேர்ந்துகொண்டே போகிறது என்று உறைக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து சர்வர் டிஸ்க் போனது. “கவலைப்படாதீங்க” என்று தெனாவெட்டாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்க மெஷினைத் திறந்தேன். எல்லாம் பழசு. லைனைப் பார்த்தேன், பாஸ்வேர்டைப் பார்த்தேன், இடம் நிரம்பிவிட்டதா என்று பார்த்தேன். கடைசியில்தான் என் வரியைப் படித்தேன். ஐந்து மாதமாக ‘-n’ அங்கேயே இருந்தது. முதலில் செய்த காரியம், அந்த ‘-n’னை அழித்தது. யாரும் பார்க்கவில்லை.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “லைன் ப்ராப்ளம் சார்” என்றேன். ஓசூர் ரோட்டில் யாராவது எப்போதும் கேபிளை வெட்டிக்கொண்டிருப்பார்கள், நம்பிவிட்டார்.

“தம்பி மேல தப்பில்ல சார்,” என்றார் அக்கா. “வாராவாரம் சிடி போட்டுட்டிருந்தேன். நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்.”

நான் சொல்லித்தான் விட்டார். அதை அவர் சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று அந்த நிமிஷமும் எனக்கு என் கவலைதான். தூ!

“அஞ்சு மாச வேலையைத் தொலைச்சவங்ககிட்ட பிரிவை எப்படிம்மா கொடுக்கறது?” என்றார் மேனேஜர். பிறகு என் பக்கம் திரும்பி, கன்னடம் கலந்து, “ஹௌதா, நிஜமா? அவங்க தப்புதானா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.