டாக்டருக்கு இரவல் வாங்கிய முகம்

எங்கள் ஓவியரை அலுவலகத்தில் எல்லோரும் போட்டோக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். எதிரே ஓர் ஆள் இருந்தால்தான் அவருக்குக் கை ஓடும். பழைய துப்பறியும் நாவல்களைப் படக்கதையாகப் போடுகிற பதிப்பகம் எங்களுடையது. அவர் படம் போடுவார், வாயருகே வருகிற பலூனுக்குள் நான் வசனம் எழுதுவேன். அவர் வரைந்த போலீஸ்காரர்களில் பாதிப் பேருக்கு என் மூக்கு. ஒருமுறை பிணத்துக்கும் நான்தான் படுத்தேன்.

இந்த முறை வந்த கதையில் குடும்ப டாக்டர்தான் கொலைகாரர். கடைசிப் பக்கம் வரை யாரும் அவரைச் சந்தேகப்படக் கூடாது. பார்த்தவுடன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடத் தோன்றுகிற முகம் வேண்டும். ஓவியருக்குத் தெரிந்து அப்படி ஒரு முகம்தான் இருந்தது, மருந்துக்கடை வைத்திருக்கிற அக்கா கணவருடையது. "நல்ல டாக்டர் வேஷம் மாமா" என்று சொல்லி அழைத்து வந்தார். அந்த மனிதரும் கடையை மூடிவிட்டு வந்து, பாட்டிலை விளக்கடியில் தூக்கிப் பிடித்தபடி கழுத்து வலிக்க நின்றார். கதையில் அது விஷம்.

முதல் பாகம் வந்ததும் கடைக்காரர் தன் படம் வந்த பக்கத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "என் மச்சினன் வரைஞ்சது, இது நான்தான்" என்றாராம். அக்கா போனில் பூரித்துப்போய்ச் சொன்னபோது ஓவியருக்கு முகம் செத்துவிட்டது. இரண்டாம் பாகம் வந்தால், மருந்துக்கடையில் தொங்குவது விஷம் வைத்தவன் படம். முகத்தை மாற்றிவிடலாமா என்று ஆசிரியரிடம் கெஞ்சினார். "முதல் பாகத்துல ஒரு முகம், ரெண்டாவதுல வேற முகமா? வாசகன் கல்லால அடிப்பான்" என்று ஆசிரியர் கையை விரித்தார்.

இரண்டாம் பாகத்தில் ஒரு கட்டம்தான் பாக்கி. பிடிபட்ட டாக்டர் தலைகுனிந்து நிற்கிற கட்டம். "நோயாளி இறந்துட்டாரு, வருத்தமா பாருங்க மாமா" என்று அதற்கும் அவரை நிற்க வைத்திருந்தார். வருத்தம் வந்தது, குற்றவாளியின் முகம் வரவில்லை.

"உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன். தலையாட்டினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்குள் நுழைந்ததும் வாய் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"மாமா, அந்தப் படத்துல கலர் சரியா விழல. கழட்டிக் குடுங்க, நல்லதா வேற போட்டுத் தர்றேன்."

நான் இருமல் மிட்டாய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கே கூசியது.

அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னார். "அந்த நாவல நான் காலேஜ்லயே படிச்சிட்டேன் மாப்ளே. நாவல் பேரைச் சொல்லி டாக்டர் வேஷம்னு நீ கூப்பிட்டப்பவே கொலைகாரன் யாருன்னு தெரியும்."

ஓவியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைக்காரர் கத்தரிப்பதை நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"கொலைகாரனா போட்டதுல ஒண்ணும் இல்ல, கதைதானே. கேக்கறவங்ககிட்ட நானே சிரிச்சுக்கிட்டு சொல்லியிருப்பேன். நீயா வந்து சொல்லுவேன்னுதான் மாட்டி வச்சேன். இப்பக்கூடக் கலர் சரியில்லேங்கற."

படத்தை ஆணியிலிருந்து கழற்றி, துணியால் துடைத்து நீட்டினார். ஓவியர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கடைசிக் கட்டம் என் மேசைக்கு வந்தது. அதே நெற்றி, அதே மீசை. ஆனால் எதிரே நிற்பவரைப் பார்க்க முடியாமல் தரையில் கிடந்த அந்தக் கண்கள் மருந்துக்கடைக்காரருடையவை அல்ல. ஓவியரின் மேசையில், கை கழுவும் இடத்திலிருந்து எடுத்து வந்த முகம் பார்க்கும் கண்ணாடி இன்னும் சாய்ந்து நின்றது.

பலூனுக்குள் வர வேண்டிய வசனம், "நான்தான் செய்தேன்." அவர் வெளியே போகும்வரை காத்திருந்து அதை எழுதினேன்.