மாமனாருக்கு ஆகாத சுழி

சத்யபிரியாவின் நெற்றிக்கு மேலே, முடி தொடங்குகிற இடத்தில், இடப்பக்கமாக ஒரு சுழி. எண்ணெய் வைத்துப் படிய வாரினாலும் அந்த இடத்து முடி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் எழுந்து நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவளுடைய அம்மா பேச்சியம்மாளுக்கு அழகெல்லாம் பிறகு. "முன் சுழி மாமனாருக்கு ஆகாது" என்று யாரோ எப்போதோ சொன்னது அவள் காதில் விழுந்து, விழுந்த இடத்திலேயே வேரும் விட்டுவிட்டது.

வந்து வாய்த்த சம்பந்தமும் அப்படி. மாப்பிள்ளை செழியன் ரெட்டியார்சத்திரத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருந்தான், குறை சொல்ல முடியாத பையன். அவன் அப்பா சடையாண்டிதான் வில்லங்கம். மாட்டுத் தரகர். சந்தையில் பத்தடி தள்ளி நின்றே இந்த மாட்டுக்கு இன்ன இடத்தில் இன்ன சுழி என்று சொல்லக்கூடியவர். மாட்டுக்கே சுழி பார்க்கிறவர் மருமகளுக்குப் பார்க்காமல் விடுவாரா?

பெண் பார்க்க வருகிற அன்று காலை, ஆத்தூரில் தங்கள் வீட்டில், பேச்சியம்மாள் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். மகளை உட்காரவைத்து, முன்முடியை நனைத்து, ஒரு கொத்தை முகத்துக்கு முன்னால் இழுத்துச் சாய்வாக வெட்டினாள். அதை வலப்பக்கம் ஒதுக்கி, துண்டால் இறுக்கிக் கட்டிக் காயவிட்டாள். அவிழ்த்தபோது முடி நெற்றியில் சரிந்து, சுழியை மூடி, காதோரம் போய் அடங்கியது.

"இனிமே இது இப்படியே இருக்கணும். உங்க மாமனார் உசுரு இதுலதான் இருக்கு, பாத்துக்க" என்றாள்.

திண்டுக்கல்லில் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பெண், படித்தவள், இதை நம்பலாமா என்று கேட்பீர்கள். அவள் நம்பவில்லை. ஆனால், நம்பாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயம் நம்பிக்கையைவிடப் பொல்லாதது.

சடையாண்டி வந்தார். பேர்தான் சடையாண்டி, தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. காபியை வாங்கிக்கொண்டு அவளை ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "புள்ள நல்லாருக்கு, பேசி முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு மிக்சர் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அடுப்படியில் நின்ற பேச்சியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு சத்யபிரியாவின் நாள் அந்த முடியிலிருந்துதான் விடிந்தது. மற்றவர்கள் எழும்பும் முன்னால் முன்முடியை மட்டும் நனைப்பாள். டிரையரை எடுத்து, முதலில் அதை எதிர்ப்பக்கமாக, இடது பக்கம் தள்ளிக் காயவைப்பாள். வேரில் இருக்கிற முரண்டு அப்போதுதான் அடங்கும். பிறகு உருண்டை சீப்பில் சுற்றி வலப்பக்கம் திருப்பி, ஆறும்வரை கையால் அமுக்கிப் பிடித்து, காதுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி. கரண்ட் போன நாளில் பழையபடி துண்டுக் கட்டுதான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். காற்று அத்தனை உழைப்பையும் ஒரு நிமிடத்தில் கலைத்துவிடும். சென்டரில் கூட வேலை பார்க்கும் ரூபி, "எந்தப் பார்லர்க்கா இது?" என்று கேட்டபோது சிரித்து மழுப்பினாள்.

முடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாமனாரிடமிருந்தே அவள் விலக ஆரம்பித்தாள். காலையில் அவர் தன் முகத்தில் முழித்துவிடக் கூடாது. அவர் வெளியே கிளம்பும்போது எதிரே வந்துவிடக் கூடாது. காபியை மாமியார் ஒச்சாயி கையில் கொடுத்தனுப்புவாள். மகள் தமிழ்மதி வளர்ந்ததும் அவள் கையில். அவரோ லேசில் விடுகிறவர் இல்லை. ஆயக்குடிப் பக்கம் போனால் கொய்யா வாங்கி வந்து, கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி, "ஏத்தா பிரியா, இந்தா" என்று நீட்டுவார். "வச்சுட்டுப் போங்க மாமா" என்பாள் உள்ளேயிருந்து. அவர் வைத்துவிட்டுப் போவார். அந்தக் கொய்யாவை அவள் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்?

"அந்தப் புள்ளைக்கு என்னையப் புடிக்கலையோப்பா" என்று ஒருமுறை மகனிடம் கேட்டாராம். செழியன் அதை ஏதோ சிரிப்புச் செய்தி போல அவளிடம் சொன்னான். அன்று பூராவும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிடிக்கும் என்று போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்படியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன ஆனியில் ஒரு காலை. அவள் தலையை நனைத்து டிரையரைக் கையில் எடுத்திருந்தாள். வாசலிலிருந்து சடையாண்டி கூப்பிட்டார். "ஏத்தா, செத்த வெளிய வா. ஆயக்குடி வரைக்கும் போயிட்டு வாரேன்."

முன்முடி நனைந்து சுழி நிமிர்ந்து நின்றது. கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க மாமா" என்றாள். கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பிறகு அது தெருவில் இறங்கித் தேய்ந்தது.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பஸ்ஸிலேயே மாரடைப்பு. ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறார் என்று நினைத்தார்களாம்.

அன்று சுழி மூடாமல் நின்றதுதான் அவரைக் கொன்றது என்று அவள் மனதுக்குள் அரற்றினாள். இத்தனை வருடம் மறைத்தும் பயனில்லாமல் போனதே என்றும் அழுதாள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. துக்கத்துக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது.

பதினாறாம் நாளுக்குப் படம் மாட்ட வேண்டும். செழியன் ஆதார் கார்டுப் படத்தைப் பெரிதாக்கலாம் என்றான். "அதுல களவாணி கணக்கா இருக்காரு" என்று ஒச்சாயி பெட்டியைக் குடைந்து, தங்களுக்குக் கல்யாணமான புதிதில் திண்டுக்கல் ஸ்டுடியோவில் எடுத்த படத்தைக் கொடுத்தாள். பெரிதாக்கி, கண்ணாடி போட்டு வந்ததைத் துடைக்கப்போன சத்யபிரியா அப்படியே நின்றுவிட்டாள்.

படத்தில் சடையாண்டிக்குத் தலைநிறைய முடி. எண்ணெய் வைத்து வலப்பக்கமாக இழுத்து வாரியிருந்தது. அதையும் மீறி நெற்றிக்கு மேலே, இடப்பக்கம், ஒரு கொத்து முடி எழுந்து நின்றது.

"அத்தை, மாமாவுக்கு..."

"முன் சுழிதேன்" என்றாள் ஒச்சாயி, வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே. "மாமனாருக்கு ஆகாதுன்னு எங்க சனமே கூடிக் கத்துச்சு. எங்கப்பா கேக்கல. இந்த மனுசனோட சேந்து முப்பது வருசம் மாடு வித்துப்புட்டு, பல்லெல்லாம் கொட்டித்தேன் செத்தாரு."

சத்யபிரியாவின் கை தானாக நெற்றிக்குப் போனது. ஒச்சாயி அதைப் பார்த்தாள்.

"உனக்கும் இருக்குங்கறது எனக்குத் தெரியுந்தா. உன்னையப் பொண்ணு பாத்துட்டுத் திரும்பயில பஸ்ஸுலயே சொன்னாரு. புள்ளைக்கு என்னைய மாதிரியே சுழி, பாவம், அதுக்குத்தேன் முடிய வெட்டிச் சாச்சு விட்ருக்காக. மறைக்கிறத நாம பாத்ததாக் காட்டிக்கக் கூடாது, கூசிப்போகும், நீ மூச்சு விட்றாதன்னாரு. நானும் விடல."

சத்யபிரியா படத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தையில் எத்தனையோ மாட்டின் சுழியை ஊரறியச் சொன்ன மனிதர், இதை ஒன்றை மட்டும் வாய்க்குள் போட்டு மூடிக்கொண்டே போயிருக்கிறார். அவர் உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று இவள் ஒளிந்தாள். இவள் ஒளிந்ததுதான் அவர் மனசை நோகடித்தது.

மறுநாள் அவள் டிரையரைத் தொடவில்லை. தேங்காய் எண்ணெயைத் தொட்டு முன்முடியைப் பின்னால் இழுத்து வாரினாள். சுழி பழையபடி எழுந்து நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். கைப்பையை மாட்டிக்கொண்டு படத்துக்கு எதிரே போய், முகத்துக்கு நேரே நின்றாள்.

"போயிட்டு வாரேன் மாமா."

அவர் கிளம்பின ஒரு நாளாவது இப்படி எதிரே வந்து நின்றிருக்கலாம்.