துப்பாத மிடறு

வைன் ருசி பார்க்கிறவர்கள் அதை விழுங்குவதில்லை, வாளியில் துப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மேசையில் வாளியும் இருந்தது. ஆனால் ஊற்றித் தந்தவர் என் முதலாளி. மெல்பேர்னிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் தூரத்தில், மோர்னிங்டன் கடற்கரைக் குளிரில் இருக்கும் அவருடைய குடும்பத் திராட்சைத் தோட்டத்துக்கு என்னையும் மனைவியையும் ஆசையாகக் கூப்பிட்டிருந்தார். தன் கையால் தந்ததை அவர் முகத்துக்கு முன்னாலேயே துப்புவதா? எங்கள் வளர்ப்பு விடவில்லை. விழுங்கிவிட்டேன்.

தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் காரில் ஒட்டியிருந்த பச்சை ‘பி’ அட்டை ஞாபகம் வந்தது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவன் ஒரு சொட்டுக் குடித்தாலும் ஓட்டக்கூடாது. நானோ வான் ஓட்டிப் பிழைப்பவன், அதுவும் தற்காலிக விசாவில். லைசென்ஸ் போனால் வேலை போகும். பொலிஸில் பெயர் விழுந்தால் விசாவும் போகலாம்.

முதலாளி அடுத்த கிளாஸை நீட்டினார். நான் கை நீட்டுமுன் என் மனைவி வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். அதற்கடுத்ததையும் அவளே வாங்கினாள். கல்யாண வீட்டில் யாராவது போத்தல் திறந்தால் எழுந்து போகிறவள் அவள். கசாயம் குடித்த முகத்தோடு, நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தலையாட்டினாள்.

காருக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு லைசென்ஸே இல்லை, நான் குடிச்சா ஒண்டுமில்லை. உங்களுக்கு ஏன் துப்பேலாமப் போச்சு?”

மூன்று மணி நேரம் கடற்கரையில் காருக்குள்ளேயே இருந்தோம். கிளேட்டன் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தை முழுவதும் என்னைச் சாப்பிட வைத்தாள். நடுநடுவே என் வாயை முகர்ந்து பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. வளைவு தாண்டியதும் பொலிஸ் எல்லாக் கார்களையும் மறித்துக்கொண்டு நின்றது. திரும்பிப் போகவும் வழியில்லை. கண்ணாடியை இறக்கினேன். இன்றைக்குக் குடித்தீர்களா என்று பொலிஸ்காரர் கேட்டார். அவள் என்னைத் தாண்டி எட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், காருக்குள் மணப்பது தான் குடித்தது என்றாள். காலையில் ஒரு மிடறு குடித்தேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

கருவியில் ஊதச் சொன்னார். ஊதினேன். அவர் அதைப் பார்த்தபடி நின்றார். பூச்சியம். போகலாம் என்று கை காட்டினார்.

கொஞ்சத் தூரம் போய்க் காரை ஓரங்கட்டினேன். பக்கத்தில் அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“இனி ஆர் தந்தாலும் துப்புங்கோ. என்னால இன்னொருக்கா அதைக் குடிக்கேலாது.”