ஒரு பிள்ளைக்கு ஒரு கையெழுத்து

தாவ் யூஃபெனைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனால் வேறு யார் மிச்சம்? எங்கள் கேபிள் தொழிற்சாலைக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் எதிரெதிர் வீடு நாங்கள். மற்ற வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. பிள்ளைகள் தெற்கே பிழைக்கப் போனார்கள். சிலர் பெற்றவர்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

என் பெயர் லுவான். தொழிற்சாலையில் மகளிர் பிரிவுத் தலைவியாக இருந்தவள். ‘ஒரு பிள்ளை போதும், முதுமையில் அரசு பார்த்துக்கொள்ளும்’ என்று மதில் நெடுகச் சிவப்பில் எழுத வைத்தவள் நான்தான். சீனாவில் அப்போது இரண்டாவது பெற்றுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்காது. எண்பத்தைந்தாம் வருடம், அவள் மகன் லெய்க்கு நாலு வயது இருக்கும்போது, யூஃபெனுக்கு மறுபடியும் தங்கியது. ஐந்து மாதம் பருத்திக் கோட்டுக்குள் மறைத்து வைத்திருந்தாள். கண்டுபிடித்தது நான். கலைக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான். மூன்றாம் நாள் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

தொண்ணூற்றெட்டில் தொழிற்சாலை எங்கள் இருவரையும் ஒரே நாளில் வெளியே தள்ளியது. பாலத்தடியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வேகவைத்த சோளம் விற்றாள், நான் காலுறை விற்றேன். அவள் புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தான். லெய் தெற்கே ஷென்ஜெனில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். முப்பத்தொன்றாம் வயதில், ராத்திரி பகல் பார்க்காத வேலையில், நாற்காலியிலேயே அவன் நெஞ்சு நின்றுவிட்டது. சாம்பல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தவளை எதிர்கொள்ள எங்கள் ஊர் ஷென்யாங் ஸ்டேஷனில் நான் ஒருத்திதான் நின்றேன்.

தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது பெரிய அங்காடி. போன வருடம் அதன் சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள். அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள். இப்போது அரசு மூன்று பெறச் சொல்கிறதாம். மூன்றும் பல்லைக் காட்டிச் சிரிக்கின்றன. தூ! கிழிக்கப் போனேன். யூஃபென் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுக்கா. இதையும் உன்ன மாதிரி ஒருத்திதான் ஒட்டியிருப்பா. அவளுக்கும் சம்பளம் வேணும்ல.”

இந்தக் குளிர்காலத்தில் முட்டைக்கோசு ஊறவைத்த ஜாடியைத் தூக்கப் போய் வழுக்கி விழுந்தாள். காலையில் விழுந்தவளைச் சாயங்காலம்தான் நான் பார்த்தேன். அதிலிருந்து அவளுக்கு ஒரே பயம்.

“செத்துப்போனா பரவால்லக்கா. சாகாம தரையில கெடக்கிறதுதான் பயமா இருக்கு. காலைல ஒரு ஆள் வந்து எட்டிப் பாத்தாப் போதும்.”

எங்கள் ஓய்வூதியத்துக்கு எட்டுகிற முதியோர் இல்லம் ஒன்றே ஒன்று. அங்கே ஒரு கட்டில் காலியாகியிருந்தது. போனோம். மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

“பாட்டிம்மா, உங்க பையனோ பொண்ணோ பொறுப்புக் கையெழுத்துப் போடணும்.”

யூஃபென் பையிலிருந்து சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். ஒற்றைப் பிள்ளைச் சான்றிதழ். லெய்யின் குழந்தைப் படம் ஒட்டி, தொழிற்சாலை முத்திரை குத்தி, நான் கொடுத்தது. அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்னது, பள்ளிக்கூடத்துல குடுத்ததா?”

“அரசாங்கம் குடுத்தது கண்ணு. ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன்னு. பையன் இல்ல. அதான் இதக் கொண்டாந்தேன்.”

பாவி மகள், இத்தனை வருடம் அதை நம்பிக்கொண்டா இருந்தாள்!

“நான் போடுறேன் கையெழுத்து. எழுதும்மா, லுவான்.”

“உங்க வயசு?”

“எழுபத்து நாலு.”

“அறுபத்தஞ்சுக்கு மேல கம்ப்யூட்டர் ஏத்துக்காது பாட்டிம்மா.”

“ஏன், உங்க கம்ப்யூட்டருக்குப் பொண்ணு பாக்குறீங்களா, வயசு கேக்குறதுக்கு?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நல்ல பெண்தான். “தெரிஞ்சவங்க யாராவது போடலாம். ஆனா எங்க இல்லத்துல ஒரு ஆளு ஒருத்தருக்குத்தான் பொறுப்பேத்துக்க முடியும். அப்புறம் இன்னொருத்தருக்குப் போட முடியாது.”

எனக்கு இருப்பது ஒரே மகள் ஹுய்மின், தாலியன் நகரத்தில். தலைவியாச்சே, சட்டத்தை மீறுவேனா! வராந்தாவுக்குப் போய் அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

“அம்மா, யூஃபென் சித்திக்கு நான் போட்டுட்டா, நாளைக்கு உனக்கு யாரு போடுவா?”

“எனக்கு எதுக்குடி? நான் இரும்பு. நீ வா.”

சனிக்கிழமை ஹுய்மின் வந்தாள். கையெழுத்துப் போட்டாள். அடுத்த ரயிலுக்கே திரும்பிவிட்டாள். யூஃபெனுக்குக் கட்டில் கிடைத்தது. அவள் துணிகளை அலமாரியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். இனி எதிர் வீட்டில் யார் இருமப் போகிறார்கள்?

“அக்கா,” என்றாள் கட்டிலிலிருந்து. “ஆஸ்பத்திரில கலைச்சது பொண்ணு. அன்னைக்கு நர்ஸ் சொன்னா. உன் ஹுய்மினைவிட மூணு வயசு சின்னவ.”

மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“நாப்பது வருசமா ஏன்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ என் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்ட. எனக்கு வேற யாருக்கா இருந்தா?”