சுளுக்கு என்று சொன்ன கால்

மதராஸில் என் இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு இரும்பு மூட்டு வைத்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னது இவ்வளவுதான். தரையில் உட்காராதே, குந்தாதே, குனிந்து எதையும் எடுக்காதே. மீறினால் மூட்டு நழுவிவிடும். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திருத்தணியில் உட்காராமல், குந்தாமல், குனியாமல் ஒரு பொம்பளை எப்படிக் குடித்தனம் நடத்துவாள் என்று அவரை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் யாரும் அப்படி ஒரு ஆபரேஷனைக் கேள்விப்பட்டதே இல்லை. பார்க்க வந்தவர்கள், "உள்ள இரும்பா? துரு புடிக்காதா?" என்று கேட்டார்கள். வெயிலில் சுடுமா என்றுகூட ஒருத்தி கேட்டாள். ஆமாம், தோசை வார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

கொல்லைக் கக்கூஸில் குந்த முடியாது. என் கணவர் தச்சரைக் கூப்பிட்டு, வீட்டில் இருந்த ஒரே நல்ல மர நாற்காலியின் நடுவில் ஓட்டை போடச் சொன்னார். கீழே ஒரு வாளி. அந்த வாளியை எடுத்துப் போய்க் கொட்டியவள் என் மகள். வகுப்பு முழுவதையும் ஒரு முறைப்பில் அடக்கிய பள்ளிக்கூட டீச்சர் நான். அவள் வாளியோடு போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அங்கே மலைப்படி ஏறுகிறவர்கள் தெரிவார்கள். அவர்களுடைய கால்களைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வரும். ஆபரேஷன் மேஜையிலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிப்பட்டிலிருந்து மகளுக்கு வரன் வந்தது. புடவை வியாபாரம், ஒரே பையன். போட்டோவைக் காட்டினோம். வாங்கிக்கொண்டு போனவள் திருப்பித் தரவே இல்லை. எனக்கு அது போதும். எப்படியாவது இந்த வாளியிடமிருந்து அவள் தப்பித்துப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

என் நாத்தனார்தான் யோசனை சொன்னாள். "எலும்பு அரிச்சிப் போச்சுன்னு சொன்னா எவன் கட்டுவான் அண்ணி? பொண்ணுக்கும் வரும்னு நெனப்பாங்க. காலு சுளுக்கிகிச்சுன்னு சொல்லிடு."

"கல்யாணம் ஆவட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றார் என் கணவர். நானும் சரி என்றேன்.

பெண் பார்க்க வந்த அன்று ஓட்டை நாற்காலியைக் கொல்லையில் சாக்குப் போட்டு மூடினோம். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலியில் நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பையனின் அம்மா வாட்டசாட்டமான பெண்மணி, வெள்ளைச் சிரிப்பு. என் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு விடவே இல்லை. கேசரி வருவதற்குள், "எங்களுக்குப் புடிச்சிப் போச்சுங்க. நாளும் நல்லா இருக்குது, தட்ட மாத்திக்கினே போயிடலாம்" என்றார்.

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஜமுக்காளம் விரித்து விளக்கேற்றினார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். தாம்பூலத் தட்டை நாற்காலியில் உட்கார்ந்து வாங்குகிற வழக்கம் எங்களில் கிடையாது. வாங்கினால் சம்பந்தியை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். என் கணவர் என்னைப் பார்த்தார். நாத்தனார் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவருகே நின்ற மகள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"சுளுக்குத்தானே சம்பந்தி? போன வருஷம் நானும் இப்படித்தான் சுளுக்கிக்கினு கெடந்தேன். நான் புடிச்சிக்கிறேன், மெதுவா உக்காருங்க" என்று பையனின் அம்மா எழுந்து வந்து என் அக்குளில் கை கொடுத்தார். அந்தக் கை பலமாக இருந்தது, பாசமாகவும் இருந்தது. ஒரே ஒரு தடவைதானே என்று மடங்கினேன்.

உள்ளே டொக்கென்றது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் ஊரே கூடும்படி கத்தியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை வாங்கினேன். எந்த மண்டபம், எத்தனை பேர் என்று பேசினார்கள். ஆங், ஆங் என்று தலையாட்டினேன். வேர்வை முதுகில் வழிந்தது.

அவர்கள் புறப்பட்டார்கள். எழுந்து குங்குமம் கொடுத்து அனுப்ப வேண்டியவள் நான். என்னால் அசையக்கூட முடியவில்லை. "நீங்க இருங்க" என்று பையனின் அம்மாவே குங்குமம் எடுத்துக்கொள்ளக் குனிந்தார். அப்போது என் புடவைக் கரைக்குக் கீழே வலது பாதம் தெரிந்தது. அது உள்பக்கமாகத் திருகிக் கிடந்தது.

"இது சுளுக்கு இல்லியே" என்றார்.

மகள்தான் ஓடி வந்தாள். "அம்மாவுக்கு இடுப்புல இரும்பு வெச்சிருக்குங்க. தரையில உக்காரவே கூடாது."

அந்த அம்மாள் தன் கைகளைப் பார்த்தார். ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. அவர் பையன்தான் ஓடிப்போய் டாக்ஸி கொண்டுவந்தான். அவரும் ஒரு பக்கம் பிடித்து என்னைத் தூக்கி ஏற்றினார்.

மதராஸில் மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். காலில் கயிறு கட்டிக் கட்டிலின் கால்மாட்டில் எடை தொங்கவிட்டார்கள். சம்பந்தம் முறிந்தால் நாங்கள் மாற்றிக் கொடுத்த தட்டு திரும்பி வரும், அதுதான் முறை. ஊரிலிருந்து கணவர் வரும்போதெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான். "தட்டு வந்துச்சா?"

"இன்னும் வரல."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த முறை அவர் வரும்வரை கிடப்பேன். கால் எப்படியோ போகட்டும் என்றிருந்தது.

தட்டு நேராக ஆஸ்பத்திரிக்கே வந்தது. துணியில் சுற்றிப் பையனின் அம்மாவே கொண்டுவந்தார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு நின்றார்.

"காலுக்காவ இல்லீங்க" என்றார். "சொல்லியிருந்தா நானும் ஒரு நாற்காலி போட்டுக்கினு உங்க பக்கத்துல உக்காந்திருப்பேன். என் கையாலயே உங்கள ஒடைக்க வெச்சிட்டீங்களே. அந்தச் சத்தம் என் கைக்குத் தெரிஞ்சிது. உங்க பொண்ணு எங்க ஊட்ல நடமாடினா எனக்குத் தெனம் அதுதான் ஞாபகம் வரும். அது தங்கமான பொண்ணு. என்னாலதான் முடியல."

மகள் கையில் பெட்பானோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு அந்த அம்மாள் வாசல் பக்கம் நடந்தார். போகாதீங்க, உங்க காலில் விழுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். விழ முடியாதவள் அதை எப்படிச் சொல்வது? எழுந்து கையையாவது பிடிக்கலாம் என்று எம்பினேன். கயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது.

மகள் தட்டை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "கொஞ்சம் தூக்கும்மா" என்று பெட்பானை எனக்கு அடியில் வைத்தாள்.