வாராக்கடனே இல்லாத வியாபாரி

திருத்தணி மலையடிவாரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் சடகோபனுக்கு வாராக்கடன் என்ற சொல்லே ஆகாது. அவரைப் பொறுத்தவரை கடன் இரண்டே வகை: வந்த கடன், வரப்போகிற கடன். தையல்காரர் சுந்தரமூர்த்தி காலமாகி வருடத் திதியும் முடிந்துவிட்டது. அவருடைய பாக்கி மட்டும் கடையின் சொத்துக் கணக்கில் திடகாத்திரமாக உயிர்வாழ்ந்தது. வார்டு தேர்தலில் தோற்று, நகரி பக்கம் குடிபோய்விட்ட வேட்பாளர் கடனுக்கு வாங்கிய கட்சிக் கரைத்துண்டுகளின் பாக்கியும் அப்படியே.

சரக்கிலும் அதே கொள்கைதான். பொதட்டூர்பேட்டை லுங்கிக் கட்டை எலி ருசி பார்த்த பிறகும் அதன் விலை இறங்கவில்லை. கொரோனா சமயத்தில் வாங்கிக் குவித்த துணி முகக்கவசங்கள் பரணில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வாங்கிய விலைக்கு மேல் லாபத்தையும் சேர்த்து அவற்றுக்கு மதிப்புப் போட்டிருந்தார். மறுபடி ஒரு நோய் வராமலா போகும்? நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டல்லவா.

இப்பேர்ப்பட்டவர் தம்பி மணவாளனோடு பாகம் பிரிக்க உட்கார்ந்தார். ஒருவருக்குக் கடை, ஒருவருக்கு அரக்கோணம் சாலை வீடு. சடகோபனுக்குக் கண் வீட்டின் மேல். கடையும் வீட்டுக்குச் சமமான சொத்து என்று காட்டிவிட்டால், கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டுக் கைக்காசு எதுவும் கொடுக்காமல் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இருப்பையும் பாக்கியையும் இன்னும் கொஞ்சம் ஊட்டி வளர்த்து, பஞ்சாயத்துக்கு வந்த தாய்மாமன் துரைக்கண்ணுவிடம் நீட்டினார். தேறாத சரக்கு, திரும்பாத பாக்கி ஒன்றுகூடக் கிடையாது என்று மலையைப் பார்த்துச் சத்தியமும் செய்தார்.

மணவாளன் வழக்கம்போல் தலையாட்டத் தயாரானார். அவர் மனைவி ஷோபனா குறுக்கிட்டாள்.

"பாவா போட்ட விலை கரெக்டாதான் இருக்கும் மாமா. நாங்க ஒரு பேச்சு பேசல. இவ்ளோ நல்ல கடைய, பெரியவரு இருக்கசொல்ல சின்னவரு வாங்கிக்கினா ஊரு சிரிக்காதா? கடை பாவாவுக்கே இருக்கட்டும். வீட்ட வெச்சிக்கினு நாங்க எப்டியோ அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்."

லுங்கியை எலி கடித்த சமாசாரம், சுந்தரமூர்த்தி செத்துப்போன சமாசாரம் எல்லாம் அப்போதுதான் சடகோபனுக்கு ஞாபகம் வந்தன. இந்தக் காலத்தில் முகக்கவசத்தை எவன் வாங்குவான் என்று அவரே கேட்டார்.

"காலையில தங்கமா இருந்துச்சு, சாயங்காலம் குப்பையாப் பூடுச்சா? கையெழுத்து போடுப்பா" என்றார் துரைக்கண்ணு.

போட்டார். வீடு போயிற்று.

மறுநாள் முதல் வேலையாகச் சுந்தரமூர்த்தி வீட்டுக்குப் பாக்கி கேட்கப் போனார். மகன் ராஜீவ் மரியாதையாக நாற்காலி போட்டு, காபி கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. நைனா வாங்கினது. எப்டியும் நீங்களும் ஒருநாள் அங்கதான போவீங்க, நேர்ல பார்த்துக் கேட்டுக்கங்க."

சடகோபன் கடைக்குத் திரும்பினார். கணக்கில் சுந்தரமூர்த்தி பெயருக்கு எதிரே, ஒரு பைசாகூடக் கழிக்காமல், 'தவணை கேட்டிருக்கிறார்' என்று எழுதிவைத்தார்.